துணி போட்டு மூடிய தொட்டி

கோவில்பதாகையில் வாடகைக்கு இருந்தேன். பூனைகூட வளர்க்கக் கூடாது என்பது ஹவுஸ் ஓனர் அம்மாவின் கண்டிப்பு. நானோ கார்பெட் பைத்தான் என்ற மலைப்பாம்பை வளர்த்தேன். கண்ணாடித் தொட்டியைத் துணியால் மூடி, மீன் தொட்டி என்று சொல்லியிருந்தேன்.

ஓர் ஆடி ஞாயிறு, கோழிக்கறி அலசிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல், தண்ணீர் மாற்றத் தொட்டிக்குள் விட்டேன். இரையென்று கவ்விய பாம்பு முழங்கை வரை சுற்றிக்கொண்டது. விஷமில்லைதான். ஆனால் இழுக்க இழுக்க இறுகியது. கத்தினால் குட்டு உடையும், வீடும் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பார்த்துக் காலிங் பெல் அடித்தது. ஹவுஸ் ஓனர் அம்மா!

"தம்பி, கோயில் கூழு கொண்ணாந்துகீறேன், சொம்பு எடுத்தா!"

விரல்கள் மரத்துவிட்டன. வேறு வழியில்லாமல் இடது கையால் கதவைத் திறந்தேன். அவர் அலறவில்லை. என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய்ப் பாம்பின் தலைமேல் தண்ணீரைத் திறந்துவிட்டார். பிடி மெல்லத் தளர்ந்தது.

பாம்பைத் தொட்டியில் விட்டேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "வேற ஊடு பாரு" என்றார்.

"அம்மா, திடீர்னு காலி பண்ணச் சொன்னா..."

"உனக்கில்ல நைனா, இதுக்கு. நீட்டிப் படுக்கக்கூட எடமில்லாம மடங்கிக் கெடக்குது பாரு."

பார்த்தேன். பிறர் கண்ணுக்குத் தெரியக் கூடாதென்று போட்ட துணி, என் கண்ணையும் மறைத்திருக்கிறது.