பசுந்தாங் கல்பாதையில் செருப்பில்லாத வள்ளி

வெள்ளி, காலை 9.40. ரங்கூன் விமான நிலையச் சுங்கத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி நான்கு சைக்கிள் டயர்களைக் கண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எல்லாம் முப்பத்திரண்டு மில்லிமீட்டர் அகலம், எல்லாம் புதுசு. கோயம்புத்தூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவன் வெளிநாடு போனால் வேட்டி சட்டையா கொண்டுபோவான்? சைகையில் சைக்கிள் மிதித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

வெளியே ஊ மணியம் என் பெயர் எழுதிய அட்டையோடு நின்றார். ரங்கூனின் தாமுவே பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழர், அறுபது வயது டாக்ஸிக்காரர். பர்மாவில் பெரியவர்கள் பெயருக்கு முன்னால் 'ஊ' சேர்ப்பது மரியாதை. பழைய ஜப்பான் கார். ஸ்டியரிங் வலப்பக்கம், சாலையில் போவதும் வலப்பக்கம். முன்னால் போகும் பஸ்ஸை முந்த வேண்டுமென்றால் ஓட்டுகிறவருக்கு எதிரே வருவது தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். தாமுவே வரை பதினைந்து கிலோமீட்டர், அந்த ஊர்ப் பணத்தில் முப்பதாயிரம் சாட். அதில் பாதி வேலையை நான்தான் பார்த்தேன்.

"வள்ளி ஓட்டுதா இல்லையான்னு இன்னும் சொல்லல, செயா" என்றார். படித்தவர் போல, வாத்தியார் போலத் தெரிகிற யாரையும் இங்கே கூப்பிடுவது 'செயா' என்றுதான். "ஜேயில எல்லாரும் அதே பேச்சுதான்." ஜே என்றால் சந்தை.

வள்ளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வயது, சாலை சைக்கிள் பந்தயத்தில் இந்த நாட்டின் சாம்பியன். கணவர் சந்திரன் சைக்கிள் மெக்கானிக். பழுது பார்ப்பவர்கள் கூடும் ஒரு இணையக் குழுவில் எனக்குப் பழக்கமானவர். வள்ளியின் பிழைப்பு நகரின் மறுகோடியான லைங் தாயாவில், ஒரு தையல் பாக்டரியில் சட்டைகளைச் சோதித்து அனுப்பும் வேலை. தாமுவேயிலிருந்து அங்கே போக பாக்டரி பஸ் உண்டு. அவள் சைக்கிளில் போவாள். பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கும்போது முகம் கழுவித் தனாக்கா மரச்சாந்து பூசிக்கொண்டு நிற்பாளாம்.

போன மழைக்காலத்தில் ஒரு வளைவில் வழுக்கி விழுந்தாள். இடது காறை எலும்பு முறிந்தது. தகடும் ஆறு திருகும் வைத்துச் சரிசெய்தார்கள். இன்னும் மூன்று வாரத்தில் தேர்வுப் பந்தயம். அதில் முதலிடம் பிடிக்கும் ஒரே ஒரு பெண்ணுக்கு வெளிநாட்டில் ஓட்ட இடம். அதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறது பசுந்தாங் கல்பாதைப் பந்தயம். பசுந்தாங் ஓடைக்கரை சைக்கிள் கடைக்காரர்கள் சேர்ந்து நடத்துவது. எட்டுக் கிலோமீட்டர் சுற்று, எட்டுத் தடவை. ஒவ்வொரு சுற்றிலும் பழைய அரிசிக் கிடங்குகளுக்கு நடுவே தொள்ளாயிரம் மீட்டர் கருங்கல் பாவிய சந்து. மாட்டு வண்டிக்காகப் போட்ட கல். விழாமல் முடிக்கிறவர்கள் பாதிப் பேர் இருந்தால் அதிகம் என்கிறார்கள்.

வெள்ளி, மாலை 4 மணி. தாமுவேயில் அவர்கள் வீட்டில், மின்சாரம் வந்திருந்த நேரம் பார்த்து சந்திரன் டயர்களை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டவில்லை. பந்தயத்துக்கென்று மூன்று மாதமாக என்னிடம் கேட்டு வாங்கிய டயர்கள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன.

"நான் கேட்டப்ப இவ காப்புக் கட்டல, அண்ணே" என்றார்.

வள்ளி மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். மஞ்சள் கயிறு, ஒரு துண்டு மஞ்சள். எலும்பு கூடினால் அம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். கூடிவிட்டது. புதன்கிழமை கோயிலில் காப்புக் கட்டியாயிற்று, செவ்வாய்க்கிழமை பால்குடம். நடுவில் ஞாயிறு பந்தயம் என்பதைக் கயிறு முடிச்சு விழுந்த பிறகுதான் யோசித்திருக்கிறாள். காப்புக் கட்டியவர் மச்சம் மாமிசம் தொடக்கூடாது, ஊர் எல்லை தாண்டக்கூடாது. அதெல்லாம் சரி. காலில் செருப்பும் போடக்கூடாது. பந்தய சைக்கிளில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ இல்லாமல் கல்பாதையில் போனால் கால் எகிறி வெளியே வந்துவிடும்.

"சாமியே வேணாங்குது" என்றார் சந்திரன். அவர் குரலில் நிம்மதி இருந்ததை நான் கவனித்தேன்.

வள்ளி என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க, அண்ணே. ஓட்டலாமா?"

கடல் தாண்டி டயர் சுமந்து வந்தவன் நான். ஓட்டம்மா என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. ஆனால் சட்டைக் கழுத்துக்கு வெளியே அந்தத் தழும்பு தெரிந்தது. "வேண்டாம்மா" என்றேன். "மூணு வாரம் பொறு. விழுந்துட்டா எல்லாம் போச்சு."

அவள் மெதுவாகச் சொன்னாள். "விழுந்ததுலேருந்து ரோட்ல ஒரு கல்லு தெரிஞ்சா போதும், கை தானா பிரேக்கைப் புடிக்குது. பாக்டரிக்குப் போறப்பவும் புடிக்குது. இவருக்குத் தெரியாது. இந்தக் கையோட தேர்வுக்குப் போனா, விழாமத்தான் வருவேன். கடைசியா வருவேன்."

சந்திரன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். அவருக்கு அது புதுச் செய்தி.

சனி, காலை 8 மணி. ஷூவுக்கு வழி உண்டா என்று கேட்கக் கோயிலுக்கு மூவரும் போனோம். பந்தய எண் வாங்க மாலை ஐந்து மணி வரைதான் நேரம். பூசாரி விளக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். ரங்கூன் கோயில்களில் பூசாரியும் பேச்சுக்கு நடுவே பர்மிய மொழிக்குத் தாவிவிடுகிறார். ஆனால் விரதக் கணக்கு மட்டும் சுத்தத் தமிழில் வருகிறது.

"செருப்புப் போட்டு மண்ணை மிதிக்கக் கூடாதும்மா. அதுல மாத்தம் இல்ல."

"மண்ணை மிதிக்காட்டி?"

"மிதிக்காம எப்படி நடப்பே?"

"நடக்கல, சாமி. ஷூ சைக்கிள்லயே பூட்டிக் கெடக்கும். தரைல கால் வெக்கறப்ப வெறுங்காலாத்தான் வெப்பேன்."

பூசாரி அடுத்த திரியை எண்ணெயில் நனைத்தார். "தோல் செருப்பா?"

"பிளாஸ்டிக்கு."

"பூமாதேவி மேல படாதுல்ல?"

"படாது."

"யாதெ" என்றார். பரவாயில்லை என்பதற்குப் பர்மியச் சொல். அதோடு தீர்ப்பு முடிந்தது.

கோயிலை விட்டு வந்ததும் சந்திரன் தலையில் கை வைத்தார். அவருக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் விஷயம் உறைத்தது. ஷூவைப் பெடலோடு மாட்டிவிட்டு, ஓடுகிற சைக்கிளில் காலை நுழைப்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் கலந்த போட்டிக்காரர்கள் செய்வதுதான். புதுசில்லை. ஆனால் கல்லில் தடுமாறும்போது சட்டென்று காலை ஊன்ற முடியாது. முதலில் ஷூவிலிருந்து உருவ வேண்டும். அதற்குள் விழுந்திருப்பாள்.

"அதான்" என்றாள் வள்ளி. "கால் வெக்க முடியாதுன்னா நின்னாத்தானே விழுவேன். நிக்காம போகணும்."

சந்திரன் வீட்டுக்கு வந்து டயர்களை மாட்டினார். மாலை 4.40க்கு ஓடைப் பக்கத்து டீக்கடையில் எண் வாங்கினோம். பதினேழு. மூன்று டீ ஆறாயிரம் சாட். என் டீ ஆறிப்போயிற்று. ஓட்டப்போகிறவள் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி தின்றாள்.

ஞாயிறு, காலை 6.30. பசுந்தாங் ஓடையிலிருந்து லேசான பனி. இருபத்திரண்டு பெண்கள். மற்றவர்கள் ஒரு காலை ஊன்றி நிற்க, வள்ளி வெறுங்காலோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஷூக்கள் பெடலில் ரப்பர் பட்டியால் இழுத்துக் கட்டிக் கிடந்தன. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மஞ்சள் கயிற்றைப் பார்த்ததும் தமிழர்கள் மட்டும் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

விசில் ஊதினார்கள். எல்லோரும் பறந்தார்கள். வள்ளி ஓடி ஏறி, ஒரு கால், இரண்டு கால் என்று நுழைப்பதற்குள் கடைசி ஆளாகிவிட்டாள். நான் கல்சந்தின் முடிவில் நின்றுகொண்டேன். முதல் சுற்றில் வந்தவர்களின் சைக்கிள்கள் எல்லாம் கிடுகிடுவென்று ஆடின. கடைசியில் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. இரண்டு கை விரல்களும் பிரேக் மேலேயே இருந்தன. இரண்டாம் சுற்றிலும் அப்படியே. மூன்றாவதில் பார்த்தேன், விரல்கள் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருந்தன. நான் தனியாக நின்று கைதட்டினேன். பக்கத்தில் மோஹிங்கா என்ற மீன் நூடுல்ஸ் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஏதோ ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துத் தானும் கைதட்டினார்.

ஐந்தாம் சுற்றில் முன் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டாள். ஆறாம் சுற்றில்தான் அது நடந்தது. சந்தின் நடுவில் இரண்டு பெண்கள் மோதிக் குறுக்கே விழுந்தார்கள். பின்னால் வந்த ஏழெட்டுப் பேரும் நின்றாக வேண்டிய நிலை. வழியே இல்லை. இறங்கினார்கள். அடியில் இரும்புக் கட்டை வைத்த ஷூவோடு வழுவழுப்பான கருங்கல்லில் கால் வைத்ததும் ஆளாளுக்குச் சறுக்கினார்கள். ஒருத்தி கிடங்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வள்ளி கால்களை உருவினாள். வெறும் பாதம் கல்லில் பதிந்தது. சைக்கிளை வலது தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினாள். பாக்டரி பஸ்ஸைத் துரத்துகிறவள் மாதிரி அப்படி ஒரு ஓட்டம். விழுந்தவர்களை ஒட்டித் தாண்டி, சைக்கிளை இறக்கி, ஏறி, ஷூவுக்குள் காலைத் திணித்துப் போய்விட்டாள். அங்கே நின்றவர்களுக்கு வெறுங்காலின் பலன் என்னவென்று யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றிருந்த ஊ மணியம் என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் என் கண்ணாடி கழன்று விழுந்தது.

கடைசிச் சுற்றில் மாண்டலேயிலிருந்து வந்த ஒரு இளம்பெண் அவளை எட்டிப் பிடித்துவிட்டாள். கல்சந்தை இருவரும் சேர்ந்து கடந்தார்கள். தார் சாலையில் முந்நூறு மீட்டர். அரைச் சக்கர இடைவெளியில் மாண்டலே ஜெயித்தது. வள்ளி இரண்டாவது. கோட்டைத் தாண்டியும் நிற்காமல் போனவளைச் சந்திரன் துரத்திப் போய் சீட்டைப் பிடித்து நிறுத்தினார். குதிகாலில் இரண்டு அங்குல நீளத்துக்கு வெட்டு, ரத்தம். அவள் அதைப் பார்க்கவேயில்லை.

"எங்க, கையைப் பாருங்க" என்றாள். விரல்கள் பிரேக்கைத் தொடாமல் கைப்பிடியைப் பற்றியிருந்தன. சந்திரன் அழுதார். மூன்று வாரம் கழித்து என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது; ஆனால் அங்கே போகப்போவது பழைய வள்ளி. எனக்கு அவ்வளவு சந்தோஷம். 'வேண்டாம்' என்று சொன்ன வெட்கம் அதற்கு அடியில் கிடந்தது.

செவ்வாய், காலை 11 மணி. விமானம் பிற்பகல் 3.15க்கு. ஊ மணியம் காரைத் தாமுவே முனையில் நிறுத்திவிட்டார். எதிரே பால்குட ஊர்வலம். மேளம், மஞ்சள் சேலைகள், வேப்பிலை. அவர் செருப்பைக் காருக்குள் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினார். நானும் ஷூவையும் காலுறையையும் கழற்றிவிட்டு இறங்கினேன்.

தார் கொதித்தது. நாங்கள் கோயம்புத்தூரில் வீட்டு வாசலுக்குப் போவதற்கே செருப்புத் தேடுகிறவர்கள். ஒரு காலை மாற்றி ஒரு கால் என்று நான் ஆடிய ஆட்டத்தை மேளக்காரரே திரும்பிப் பார்த்தார். வள்ளி வந்தாள். தலையில் குடம், இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வெட்டுப்பட்ட குதிகாலைக் கொஞ்சம் தாங்கித்தான் வைத்தாள். ஆனால் நடை நிற்கவில்லை. என் ஆட்டத்தைக் கண்டதும் அவள் உதட்டில் சிரிப்பு வந்தது. குடத்தில் பால் தளும்பியது, சிந்தவில்லை.

என்னைத் தாண்டும்போது, குடம் அசையாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"நிக்காதீங்க, அண்ணே. நடந்தாச் சுடாது."

பெட்டி காரிலேயே இருக்கட்டும் என்று கோயில் வாசல் வரை அவள் பின்னால் நடந்தேன்.