படப்பை நெரிசலில் முப்பத்தைந்து நிமிடம்

பூனைக்கு நான் மாத்திரை கொடுத்தது இரண்டு முறை. முதல் நாள் மாலை ஏழு பத்துக்கு ஒரு துண்டு, மறுநாள் காலை ஐந்து பத்துக்கு ஒரு துண்டு. வீட்டில் காய்ச்சல் வந்தால் நாங்கள் போட்டுக்கொள்ளும் வெள்ளை மாத்திரைதான். பூனை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. காதைத் தொட்டால் சுட்டது. சமையலறைத் தராசில் எடை பார்த்தேன். மூன்று கிலோ அறுநூறு. அந்த எடையுள்ள குழந்தைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, மாத்திரையை பிளேடால் எட்டாக நறுக்கி, ஒரு பங்கைத் தயிரில் குழைத்துக் கொடுத்தேன். இரண்டு தடவையும் டைரியில் எழுதினேன். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. எழுதாமல் எதையும் விடுவதில்லை. மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

காலை எட்டரைக்குப் பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. முகம் உப்பியிருந்தது. ஈறு பழுப்பு நிறமாகியிருந்தது.

“அந்த ஆளு வெச்சிட்டான்” என்றாள் மனைவி.

அந்த ஆள் என்றால் பக்கத்து வீட்டுக்காரர். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், வீட்டில் கோழி வளர்க்கிறார். முந்தின வாரம் எங்கள் பூனை ஒரு குஞ்சைத் தூக்கிவிட்டது. “இன்னொரு தபா வந்திச்சுன்னா மருந்து வெச்சிருவேன், சொல்லிட்டேன்” என்று மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு கத்தினார்.

ஆனால் எங்கள் ஊரான சேரப்பணஞ்சேரியில் அந்த நேரத்தில் கைக்கு எட்டிய வண்டி அவருடையது மட்டும்தான். நான் போய்க் கேட்டதும், ஏறி உட்கார்ந்திருந்த இரண்டு பேரை இறக்கிவிட்டு வந்தார். பூனையை ஒரு பிளாஸ்டிக் கிரேட்டில் வைத்து, மேலே துண்டு கட்டி, மனைவி மடியில் வைத்துக்கொண்டாள். தாம்பரம் பக்கம் இருக்கும் பிராணிகள் மருத்துவமனைக்குக் கிளம்பினோம்.

படப்பை கடைத்தெருவில் வண்டி நின்றது. முன்னால் புதுக் கார்களை ஏற்றிய டிரெய்லர். வலப்பக்கம் கம்பெனி பஸ், பின்னால் இன்னொரு கம்பெனி பஸ். இடப்பக்கம் தோண்டிப்போட்ட பள்ளம். மணி ஒன்பது ஐந்து.

பூனையின் மூச்சைக் கொஞ்சம் இலகுவாக்க வழி இருக்கிறதா என்று போனில் தேடினேன். முதலில் வந்த பக்கத்திலேயே அந்த மாத்திரையின் பெயர் இருந்தது. பூனைக்கு அது விஷம். ஒரு சிறு துண்டு போதும். ரத்தத்தால் மூச்சுக்காற்றைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். மூன்று முறை படித்தேன். பிறகு போனைச் சட்டைப்பையில் வைத்தேன்.

“எப்டி கேட்ட உடனே வண்டிய எடுத்துனு வந்தான் பாருங்க” என்று மனைவி என் காதருகே சொன்னாள். “குத்தமுள்ள நெஞ்சு.”

“இன்னா சார், மூச்சு கீதா?” என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

“இருக்கு” என்றேன்.

இறங்கி ஓடவும் இடமில்லை. மருத்துவமனைக்கு போன் செய்து சொல்லியிருக்கலாம், எண் என்னிடம் இருந்தது. ஆனால் என் முழங்கால் மனைவியின் முழங்காலை இடித்துக்கொண்டிருந்தது. நான் பேசுவதை அவளும் கேட்பாள், அவரும் கேட்பார். துண்டு ஏறி ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு எழுபதுக்கு மேல். டிரெய்லர் நகரும்போது ஒன்பது நாற்பது.

டாக்டர் அம்மா ஊசியில் எடுத்த ரத்தம் டிகாஷன் நிறத்தில் இருந்தது. “என்ன சாப்பிட்டுச்சு?” என்றார்.

“எலி மருந்து மேடம்” என்றாள் மனைவி. கிரேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டி, “இவரையே கேளுங்க” என்றாள்.

அவர் முகம் தொங்கிவிட்டது. “யக்கா, நான் வாய்ல சொல்றவன். வெக்கிறவன் இல்ல.”

“சண்டைய வெளிய வெச்சிக்கங்க” என்றார் டாக்டர். “எலி மருந்துக்கு ஒரு ஊசி, வேற எதுனா இருந்தா வேற ஊசி. எனக்குத் தெரிஞ்சாகணும்.”

பையிலிருந்து டைரியை எடுத்து, பக்கத்தைத் திறந்து, மேஜைமேல் வைத்தேன். டாக்டர் படித்தார். பிறகு என் மனைவியும் படித்தாள்.

“நேரமும் அளவும் இருக்கு. நல்லது” என்று சொல்லிக்கொண்டே டாக்டர் பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

“எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?” என்று மனைவி கேட்டாள்.

“இப்பதான். டாக்டர் கேட்டப்ப.”

பூனை மூன்று நாள் உள்ளே இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஆக்சிஜன் குழாய், முன்னங்காலில் மயிர் மழித்துப் போட்ட டிரிப், கழுத்தில் பிளாஸ்டிக் வளையம். காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். தொடக் கூடாது. தொட்டால் எழுந்திருக்கப் பார்க்கும், குழாய் கழன்றுவிடும். ஒவ்வொரு முறையும் பெட்டியில் மாட்டிய தாளைப் படித்தேன். முதல் நாள் ஈறு பழுப்பு. இரண்டாம் நாளும் பழுப்பு. மூன்றாம் நாள் மாலை வெளிர் ரோஜா. மனைவி என்னோடு வந்தாள், கண்ணாடியின் அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். வீட்டில் மாத்திரை டப்பா இருந்த இடத்தில் இல்லை.

வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்றும் பக்கத்து வீட்டுக்காரர் வண்டிதான். மனைவியே போய்க் கூப்பிட்டிருந்தாள். என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று தெரியாது. அவள் உள்ளே பூனையை வாங்கப் போனபோது நாங்கள் இருவரும் வண்டியருகே நின்றோம்.

“சார், அன்னிக்கு படப்பைல போன்ல இன்னாவோ படிச்சிக்கினு வந்தீங்க” என்றார் அவர். “கண்ணாடில பாத்தேன். அப்பறம் உங்க மூஞ்சியே சரியில்ல.”

அவர் ஒரு பழந்துணியால் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அர மணி நேரம் இருக்கும்ல சார்? அது வரிக்கும் நான்தான் வெச்சேன்னு நெனச்சிக்கினு வந்துச்சு யக்கா.”

மனைவி கிரேட்டோடு வந்தாள். துண்டுக்குள்ளிருந்து பூனை கத்தியது.

“இன்னா பேசிட்டு இருந்தீங்க?” என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார்.

“படப்பைல டிராஃபிக் எப்டி இருக்கும்னு சார் கேட்டாரு யக்கா” என்றார்.

“ஆமாம்” என்றேன். அவளை முதலில் ஏறச் சொல்லிவிட்டு நானும் ஏறினேன்.