படகு மோட்டாருக்குக் கொடுத்த முட்டு

எங்கள் பட்டறைக்கு டிரெய்லரில் ஏறிப் படகு வந்த அன்று, திருச்சுழி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். குண்டாற்றில் தண்ணீரையே எப்போதாவதுதான் பார்க்கிற சனம். இங்கே படகுக்கு என்ன வேலை என்று எனக்கும் சிரிப்புத்தான்.

படகுக்குச் சொந்தக்காரர் வளைகுடாவிலிருந்து திரும்பிய உள்ளூர் பாய். சாயல்குடிப் பக்கம் கடலில் விட்டிருந்தார். கரை நெருங்கினால் பட்டனை அழுத்தி, பின்னால் மாட்டிய மோட்டாரைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட வேண்டும். தூக்கினால் ஏறியது, நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, விசிறி மண்ணில் இடித்தது. என் வீட்டுக்காரர் டிராக்டர் டிப்பரின் ஹைட்ராலிக் ஜாக்கி பழுது பார்க்கிறவர். "எண்ணெ தள்ளித் தூக்குறதெல்லாம் ஒரே குடும்பந்தேன் பாய், கொண்டாங்க" என்று சொல்லிவிட்டார்.

நான் பட்டறையில் கூடமாட நிற்பவள். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன், வாஷர் தேடித் தருவேன், மீதி நேரம் பயப்படுவேன். தூக்கி நிற்கிற டிப்பருக்கு அடியில் இவர் தலையை விடும்போதெல்லாம் சட்டையைப் பிடித்து இழுப்பேன். "அரண்டவ கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி" என்று கேலி செய்வார். ஆனாலும் கருவேலங்கட்டையை முட்டுக் கொடுக்காமல் ஒருநாளும் அடியில் கை வைக்க மாட்டார்.

அன்றும் மோட்டாரை முழுசாகத் தூக்கி, அடியில் அதே கட்டையைக் கொடுத்தார். தூக்கிய மோட்டாரைத் தாங்க அதிலேயே ஓர் இரும்புக் கொக்கி உண்டு. அது படகை ரோட்டில் இழுத்துப் போகும்போது மாட்டுவது என்று பாயும் இவரும் பேசி முடித்து, மடக்கியே விட்டார்கள். டிப்பர் தொட்டியின் அடி தட்டையானது, கட்டைமேல் பதிந்து உட்காரும். இந்த மோட்டாரின் அடித்தகடோ மெலிந்து வளைந்திருந்தது.

"என்னங்க, கட்டை ஒக்காரலயே."

"ஒக்காந்துருச்சு. நீ போயி டீ சொல்லு."

நான் போகவில்லை.

மோட்டாருக்கும் அதைப் படகோடு பிடித்திருக்கும் சட்டத்துக்கும் நடுவே இடது கையை விட்டு, எண்ணெய் கசிகிறதா என்று தடவினார். சட்டத்தின் பக்கவாட்டு ஓட்டைக்குள் ஒரு திருகாணி. வலது கையால் அதை ஸ்க்ரூ டிரைவர் போட்டு இடப்பக்கம் திருப்பினார். டிப்பர் ஜாக்கியின் எண்ணெயில் காற்றுப் புகுந்தால் அப்படி லேசாகத் தளர்த்தித்தான் காற்றை விடுவார். இந்தத் திருகாணி மோட்டாரையே இறக்கிவிடுகிற திருகாணி என்பது அவருக்குத் தெரியாது.

மோட்டார் இறங்கியது, கட்டை நழுவியது. கட்டை முழுக்க விழாமல் டிரெய்லரின் குறுக்குக் கம்பியில் சாய்ந்து முட்ட, மோட்டார் அதன்மேல் நறநறவென்று உராய்ந்து நின்றது. கை உள்ளே. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. பாய் "யா அல்லாஹ்" என்று ஓடிவந்து மோட்டாருக்குத் தோள் கொடுத்தார்.

மோட்டாரின் பக்கத்தில் இருந்த தூக்கும் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்தினேன். கிர்ரென்று இரைந்தது, ஏறவில்லை. இந்தக் கை போனால் பிழைப்பு என்னாகும் என்று நினைத்ததாகச் சொன்னால் அது பொய். ஐயோ, இவருக்கு வலிக்குமே என்று மட்டும்தான் இருந்தது.

"விடாத, அமுத்திக்கிட்டே இரு" என்றார். வலது கையால் திருகாணியை வலப்பக்கம் முறுக்கினார். அது பழைய இடத்தையும் தாண்டி இன்னும் சுற்றியது. இரைச்சல் கனத்தது. மோட்டார் ஏறியது. கை வெளியே வந்தது, புறங்கைத் தோல் உரிந்து ரத்தமாக.

மனுசன் கையைப் பார்க்கவில்லை. "பாய், கோளாறு இதுதேன். யாரோ இதத் தளத்தி கையால எறக்கிப்புட்டு, திருப்பி இறுக்காம விட்டுருக்காக" என்றார்.

பேட்டரி செத்த ஒருநாள் தானேதான் அப்படி இறக்கியதாகச் சொல்லி பாய் தலையில் அடித்துக்கொண்டார். இருவரும் சிரித்தார்கள்.

மோட்டார் உச்சியில் முட்டி அலறிக்கொண்டிருந்தது. நான் இன்னும் பட்டனை விடவில்லை.

"வந்துருச்சு, விடு."

விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. விட்டால் மறுபடி இறங்கிவிடும் என்றே இருந்தது. அவர் அந்த ரத்தக் கையாலேயே என் விரலைப் பிடித்து விலக்கினார். ஐந்து விரலும் சூடாக என் கைமேல் பட்டன. பாய் நிற்பதையும் ரோட்டில் கூட்டம் நிற்பதையும் பார்க்காமல், அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு அழுதேன்.