நாலாவது எலுமிச்சம்பழம்

நாமக்கல்லுக்குப் பக்கத்தில், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறேன். இது நடந்தது அங்கேதான். இரண்டு வருஷம் முன்பு, ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை.

நான் படித்தது ஐந்தாவது வரை. இப்போதும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளாவது தடங்கல் இல்லாமல் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். அங்கன்வாடி டீச்சர் ஒரு யோசனை சொன்னார். "புஸ்தகம் இல்லாட்டி என்னங்க? கண்ணுல படற எழுத்தையெல்லாம் காட்டுங்க. புள்ள வெரலால தொட்டுப் பாக்கட்டும்."

அரிசிப் பை, காலண்டர், தீப்பெட்டி என்று ஆரம்பித்தோம். நான் எழுத்தைச் சொல்வேன். அவள் ஓடிப்போய்த் தொட்டுவிட்டு வருவாள். அவள் பெயரின் முதல் எழுத்து ம. அதை எங்கே பார்த்தாலும் "என்ற எழுத்து" என்று சொந்தம் கொண்டாடிக் கத்துவாள்.

அன்று அங்கன்வாடி லீவு. மனைவி கோழிப்பண்ணை வேலைக்குப் போய்விட்டாள். பிள்ளையைப் பட்டறைக்குக் கூட்டிப் போனேன். அங்கே எழுத்துக்குப் பஞ்சமில்லை. "ம எங்க, தொட்டுட்டு வா" என்றேன். நாலைந்து தடவை போனாள், வந்தாள். அப்போது மேஸ்திரி கூப்பிட்டார். ஒரு கொக்கியைப் பற்ற வைக்க வேண்டும்.

"இங்கயே உக்காரு சாமி" என்று அவளை பெஞ்சில் வைத்துவிட்டு, வெல்டிங் கண்ணாடியை முகத்துக்குப் பிடித்தேன். இரண்டு நிமிஷம் இருக்கும். கண்ணாடியை இறக்கினேன். பெஞ்சில் ஆள் இல்லை.

பக்கத்து ஷெட்டில் ஒரு புது லாரிக்குப் பூஜை முடிந்து எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மகளைக் கூப்பிட்டேன். அந்தச் சத்தத்தில் என் குரல் எடுபடவில்லை. முதலில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். இல்லை. கேட்டுக்கு ஓடினேன். ரோட்டிலும் இல்லை. திரும்பி ஷெட்டைப் பார்த்தேன். அந்த ஷெட்டுக்கு ஒரே வாசல். வண்டியைப் பின்னால்தான் எடுக்க வேண்டும். வாசலோரம் அடுக்கியிருந்த பலகை, வண்டியின் பின்பக்கத்தை மறைத்திருந்தது.

லாரியின் சொந்தக்காரர் ஒரு பெரியவர். ஒவ்வொரு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு வந்தார். டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார். "மூணு போதுமுங்க! நல்ல நேரம் போகுது!"

"இருய்யா. ஒரு சக்கரம் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று இவரும் கத்தினார். பின்பக்கம் போய்க் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

நான் ஓடினேன். பின் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ரப்பரில், அன்று காலைதான் மஞ்சள் பெயிண்டில் ஊர்ப் பெயர் எழுதியிருந்தார்கள். முதல் எழுத்து ம. அதை விரலால் தொட்டுக்கொண்டு என் மகள் குந்தியிருந்தாள்.

நான் வாயைத் திறக்கும் முன் பெரியவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார். கத்தினால் பயந்து வண்டிக்கு அடியில் ஓடிவிடுவாள் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. ஒரு கையை டிரைவருக்குத் தெரியும்படி வெளியே நீட்டி நிறுத்தச் சொன்னார். இன்னொரு கையில் இருந்த பழத்தை அவளிடம் காட்டினார்.

"இந்தா சாமி. பழம் வேணுமா? வா."

அவள் எழுந்து அவரிடம் வந்தாள். நான் தூக்கிக்கொண்டேன். விரலெல்லாம் ஈர மஞ்சள்.

"ஏப்பா, எழுத்து சொல்லிக் குடுக்க என்ற வண்டிச் சக்கரந்தான் கெடச்சுதா?" என்றார். காலையில் நான் அவளை எழுத்து தேட அனுப்பியதைப் பார்த்திருக்கிறார். அவள் பழத்தைத் திருப்பித் தரவில்லை. "செரி, வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு டிரைவரைப் பார்த்தார். "மூணே போதும். மெதுவா எடு." வண்டி வெளியே வரும் வரை அவரே பின்னால் நடந்தார்.

சாயந்திரம் மனைவியிடம் சொன்னேன். "இனி எழுத்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றேன்.

"எழுத்து என்னங்க பண்ணுச்சு?" என்றாள். "போய்த் தொட்டுட்டு வான்னு அனுப்புனது நீங்கதான? கூடப் போயிருக்கோணும்."

மறுநாள் மகளை மடியில் வைத்துக்கொண்டு காலண்டரைப் பிரித்தேன். அவள் விரலைப் பிடித்து நானே எழுத்தின் மேல் வைத்தேன். இப்போது அவள் எனக்கு முந்தியே படித்துவிடுகிறாள். ஆனாலும் அவள் படிக்கும்போது பக்கத்தை விட்டு எழுந்திருக்க இன்றுவரை எனக்கு மனம் வந்ததில்லை.