போன் சைனா கப்

இன்று ஸ்ரீரங்கத்தில் ஊறுகாய்க்கு ஒரு பீங்கான் ஜாடி வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு மாமியும் அவர் மருமகளும் காபி கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது போன் சைனா மாமி. பீங்கானைவிட மெல்லிசு. வெளிச்சத்துல புடிச்சா விரல் தெரியும், பாருங்க," என்றார் கடைக்காரர்.

மருமகள் மொபைலில் தேடிப் படித்தாள். "போன்னா எலும்பு. மாட்டெலும்புச் சாம்பல் கலந்து பண்றதாம்மா."

"அபசாரம்!" மாமி கப்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"ஆத்துல ஒரு செட் இருக்கேம்மா. அதுவும் இதுதான்."

மாமி கொஞ்சம் யோசித்தார்.

"அதை உன் அப்பா அம்மா வந்தா மட்டும்தானே எடுக்கறோம்? இருந்துட்டுப் போகட்டும்."

மருமகள் மொபைலைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நாளைக் காலை மாமிக்குக் காபி டம்ளரில் வருமா, வீட்டிலிருக்கும் அந்த செட் கப்பில் வருமா?

நான் கப் என்கிறேன். நீங்கள்?