பாதி துடைத்த சக்கரம்

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி வந்தபோது எங்கள் மர அறுவைப் பட்டறையில் ரம்பம் ஓடிக்கொண்டிருக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்தே அது நின்றிருந்தது. அவருடைய தங்கை ரீட்டா போனில், "அக்கா போயிட்டாங்க" என்றாள். நான் போனைக் கையில் பிடித்தபடி மெஷினைப் பார்த்தேன். கீழ்ச் சக்கரத்தின் இரும்புக் கதவு அக்கா திறந்துவைத்தபடியே இருந்தது. சக்கரம் ஒரு பாதி பளபளத்தது. மறுபாதியில் வேங்கைப் பிசினும் மரத்தூளும் ஒட்டிக் கருத்திருந்தன.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் பட்டறைக்கு வந்துபோனவர்களுக்கு அக்காவைத் தெரியாமல் இருக்காது. தறிச் சட்டத்துக்கு மரம் அறுக்க வரும் ஆசாரிகள் விலையை என்னிடம் பேசுவார்கள், மரத்தை அவரிடம் காட்டுவார்கள். அப்பாவுக்குப் பிறகு பட்டறை என் கைக்கு வந்தபோது எனக்கு மரமும் வியாபாரமும் தெரிந்திருந்தன. ஸ்டெல்லா அக்கா ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் பல வருடம் இருந்தவர். அந்த வேலை அலுத்துப்போய் என்னோடு கூட்டுச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனாலும் தன்மேல் மெஷின் துடைக்கும் மண்ணெண்ணெய் வாசனை அடிக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்வார். அதற்காகவே மல்லிகைப்பூவைக் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்வார். நகப்பூச்சு இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. அதன் ஓரங்களில் பிசின் ஏறியிருக்கும்.

எங்களுடையது பெரிய ரம்பம். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் எஃகுப் பட்டை, அதன் ஒரு விளிம்பில் பற்கள். சக்கரத்தில் பிசின் படிந்தால் பட்டை நேராக ஓடாது. அறுவை கோணிவிடும், பட்டையும் சீக்கிரம் விரிசல் விடும். அதனால் மாலையில் பட்டையைத் தளர்த்தி, கழற்றி, சக்கரத்தைத் துடைக்க வேண்டும். துடைப்பதற்குமுன் அக்கா செய்யும் முதல் வேலை, மெயின் போர்டிலிருந்து ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடுவதுதான். கழற்றியவர்தான் திரும்ப மாட்ட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். அதில் யாருக்கும் விலக்குக் கிடையாது, பட்டறையில் பாதிக்குச் சொந்தக்காரியான எனக்கும்கூட.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருமுறை கேட்டேன். பழைய தொழிற்சாலையில் ஒருவருடைய கை உள்ளே இருந்தபோது மெஷின் ஓடிவிட்டது என்றார். அந்தக் கதையை அவர் முழுதாகச் சொன்னதே இல்லை. "கை எடுத்தாச்சுன்னு ஒருத்தர் சொன்னாரு. அதை நம்பி இன்னொருத்தர் மாட்டினாரு. அவ்ளோதான் விஜி" என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்துபோய்க் கை கழுவினார். ஏற்கெனவே கழுவிய கைதான்.

இந்தச் சட்டத்தால் ஒருநாள் பட்டறை நின்றுபோனது. காலையில் வந்து பார்த்தால் போர்டில் ஃபியூஸ் இல்லை. அக்கா பக்கத்து ஊரான கூரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், கைப்பையோடு. கோபமாகத்தான் போன் செய்தேன். "மெஷினுக்கு இன்னிக்கி லீவுன்னு நெனச்சிக்கோ. நீ கெளம்பி வா, பிரியாணி சூடா இருக்குது" என்றார். போனேன், சாப்பிட்டேன். ஃபியூஸைக் கேட்டபோது அவர் தரவில்லை. என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து பட்டறைக்கு வந்தார். பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சக்கரத்தின் கதவைத் திறந்து உள்ளே பார்த்து, தானே மாட்டிவிட்டுத் திரும்பக் கல்யாண வீட்டுக்குப் போனார். அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தச் சாலையில் அவரைப் பின்னால் வைத்துக்கொண்டு இன்னொருமுறை போக மாட்டோமா என்று இருக்கிறது.

பட்டறையின் பின்பக்கம் நெசவாளர் தெரு. காலையில் அங்கே தறியில் ஏற்றவேண்டிய பட்டு நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக நீட்டியிருப்பார்கள். ஆரம்பத்தில் நாங்கள் காற்று பீய்ச்சும் கருவியை வைத்து மெஷினிலிருந்து தூளை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அந்தத் தெருவிலிருந்து சரோஜாம்மா முன்றானையால் மூக்கை மூடியபடி உள்ளே வந்தார். "நாங்க பாவு நீட்டிக்கினு இருக்கிறோம், உங்க தூளு மொத்தமும் அதும்மேல வந்து உட்காருது. பட்டுல ஒட்டினதை யாரு எடுக்கிறது, நீங்க வந்து எடுக்கிறீங்களா?" என்று கேட்டார். நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அக்கா கருவியின் குழாயைப் பிடுங்கிச் சுருட்டி மூலையில் போட்டார். அதன்பிறகு எல்லாம் துணியால்தான். ஊதினால் தூள் பேரிங்குக்குள்ளும் போகும், துடைப்பதே நல்லது என்று எனக்கும் ஒரு காரணம் சொன்னார். துடைக்கப் பழைய நூல் புடவைகளைக் கொடுத்தவர் அதே சரோஜாம்மாதான். "நான் கட்டி முடிச்சதை எல்லாம் இப்ப உங்க மெஷின் கட்டிக்கினு இருக்குது" என்பார். அக்கா விடமாட்டார்: "உங்களைவிட அதுக்குத்தான் நல்லா இருக்குது."

கடைசியாக அவர் சக்கரம் துடைத்த மாலையில் பாதியிலேயே தலை சுற்றுகிறது என்றார். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மீதியை நாளை பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, ஃபியூஸ் கட்டைகள் கிடந்த கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் இங்கே ஆஸ்பத்திரி, அங்கிருந்து சென்னை. அங்கே ரீட்டாவை மட்டும்தான் உள்ளே விட்டார்கள்.

அடக்கம் முடிந்து பட்டறையைத் திறந்தபோது தறி மரத்துக்கு ஆசாரிகள் காத்திருந்தார்கள். எங்களோடு பல வருடமாக வேலை செய்யும் முனுசாமி புது ஃபியூஸ் கட்டைகளை வாங்கி வந்திருந்தார். மாட்டிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் தயங்கிவிட்டு, தணிந்த குரலில், "யாரு வரணும்னு காத்துக்கினு இருக்கிறோம்மா?" என்றார். அக்கா கழற்றியதை வேறொருவர் மாட்டினால், அவர் இனி வரமாட்டார் என்று நானே என் வாயால் சொன்னதுபோல் ஆகிவிடும். ஆர்டர்களை வேறு பட்டறைக்குத் திருப்பிவிட்டேன். இப்படியே எத்தனை நாள் பட்டறையை நடத்த முடியும் என்று எனக்கும் தெரியவில்லை.

பிறகு ஒரு முற்பகலில் ரீட்டா வந்தாள். அக்காவின் கைப்பையை என் மேசைமேல் வைத்தாள். "அக்கா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல, அவங்க சொன்ன மாதிரியே சொல்லிடறேன்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்: "'பாதிதான் துடைச்சேன், மீதியை விஜி துடைக்கட்டும். நான் கையை எடுத்துட்டேன். அவளே மாட்டட்டும்.'"

இன்னொருவர் சொல்லி ஃபியூஸை மாட்டக் கூடாது என்று அத்தனை வருடம் நின்றவர், எனக்காக இன்னொருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். தான் திரும்பப் போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் அழுது முடிக்கும்வரை ரீட்டா பக்கத்தில் நின்றாள்.

சரோஜாம்மாவின் பழைய புடவையில் ஒரு துண்டைக் கிழித்து மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தேன். பளபளப்பும் கருப்பும் சேரும் இடத்தில் ஒரு கோடு இருந்தது. அவர் கை கடைசியாக நின்ற இடம். அந்தக் கோட்டை விட்டுத் தள்ளியே துடைத்துக்கொண்டு போனேன். கடைசியில் அது ஒன்றுதான் மீதி இருந்தது. அதையும் துடைத்தேன்.

பட்டையை மாட்டி முறுக்கேற்றியபின் கரண்ட் கொடுப்பதற்குமுன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் சுற்றுவேன், அக்கா கீழே குனிந்து, பட்டை சக்கரத்தின்மேல் தன் இடத்துக்கு வருகிறதா என்று பார்ப்பார். "வருது... வருது... வந்திடுச்சு" என்பார். அந்தக் கடைசி வார்த்தையில் குரல் லேசாக இறங்கும். அன்று முனுசாமி குனிந்து பார்த்தார். பட்டை சரியாக வந்து நின்றது. அவர் அதிகம் பேசாதவர், தலையை மட்டும் ஆட்டினார். நான் நிறுத்தாமல் இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு சுற்றுதான். மெஷினுக்கு அது தேவையில்லை, முனுசாமிக்கும் தெரியும். இப்போதும் ஒவ்வொரு முறையும் "வந்திடுச்சு" என்று ஒருவர் சொல்ல ஆகும் நேரத்துக்குக் கூடுதலாகச் சுற்றுகிறேன். பிறகு எழுந்துபோய், என் பையிலிருந்து ஃபியூஸை எடுத்து நானே மாட்டுகிறேன்.