ருசி சொன்னவர்

இது நிஜமா நடந்தது. நம்பறவங்க நம்புங்க. நம்பாதவங்க லைட்டை அணைச்சுட்டு நிம்மதியாத் தூங்குங்க, எனக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல. நான் லிஃப்ட் ரிப்பேர் பாக்குறவன். இருட்டுக் குழிக்குள்ள தொங்கிக்கிட்டே பாதி ஆயுசை ஓட்டியாச்சு. பேய், பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா, "போய் வேலையைப் பாருடா"ன்னு விரட்டிவிடற ஆளு நான்.

ஆனா இதை என்கிட்ட சொன்னது என் தங்கச்சி. கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறவ. மயிரிழை கோணல் இருந்தாலும் பிடிச்சிருவா. இல்லாததை இருக்குன்னு சொல்ற ரகமே இல்ல.

அவ புருஷன், எங்க மாப்பிள்ளை, பிஸ்கட் ஃபேக்டரியில ருசி பாக்குறவர். இப்படியெல்லாம் ஒரு வேலை இருக்கான்னு பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு நானே வாய்விட்டுச் சிரிச்சேன். அப்புறம் ஒரு தடவை ஃபேக்டரிக்கே போய்ப் பாத்தேன், அசந்துட்டேன். அங்க அவருக்குப் பட்டப்பேரே 'நாக்கு'தான். அடுப்புலேர்ந்து புதுசா வந்த பிஸ்கட்டை வாயில போடுவார். கண்ணை மூடுவார். ரெண்டு கடி. உடனே பதில் வந்துரும். "உப்பு ஒரு சிட்டிகை கூட." "வெண்ணெய் பழசு." யோசிக்கிற பேச்சே கிடையாது. அவர் சரின்னு சொன்னாத்தான் பெட்டியில அடைப்பாங்க.

அந்த நாக்குக்குத்தான் கண்ணு பட்டுச்சு. போன மழைக்காலத்துல ஒரு காய்ச்சல். காய்ச்சல் போச்சு, போகும்போது வாசனையையும் ருசியையும் சேர்த்து வாரிக்கிட்டுப் போயிருச்சு. "மண்ணைத் திங்கற மாதிரி இருக்கு மச்சான்"னு என் முன்னாடியே ஒரு நாள் அழுதுட்டார் மனுஷன். மேனேஜர் நல்லவர்தான், பல மாசம் பொறுத்துப் பாத்தார். கடைசியா சொல்லிட்டார்: "வர்ற திங்கக்கிழமை வாங்க. ஏழு பிஸ்கட் வைக்கிறேன். எதுல என்ன குறைன்னு சொன்னா வேலை உங்களுது. இல்லன்னா எனக்கு வேற வழி இல்ல."

தங்கச்சிக்கு அன்னிக்கு ராத்திரியே ஒரு யோசனை. நாலு நாள் லீவு போட்டு, பெரிய ஊருக்குப் போறது. கோட்டை வேணாம், மியூசியம் வேணாம், கடைத்தெரு வேணாம். வேளைக்கு ஒரு ஹோட்டல், சாப்பிடறது மட்டும்தான் வேலை. புளிப்பு, காரம், கசப்புன்னு எதாவது ஒண்ணு அந்த நாக்கை உலுக்கி எழுப்பிராதான்னு ஒரு நப்பாசை. "ரெண்டாவது ஹனிமூனா?"ன்னு கிண்டல் பண்ணினேன். "முதல் ஹனிமூன்லயும் இதைத்தான் பண்ணினோம்"னா.

அது உண்மைதான். கல்யாணமான புதுசுலேர்ந்து அவங்களுக்கு ஒரு பழக்கம். எங்க சாப்பிடப் போனாலும் ரெண்டு பேரும் ஒரே அயிட்டம் சொல்ல மாட்டாங்க. ஆளுக்கு ஒண்ணு. பாதி சாப்பிட்டதும் ஒண்ணும் பேசாம தட்டை மாத்திக்குவாங்க. சர்வருங்க வேடிக்கை பாப்பாங்க. இவங்களுக்கு அதெல்லாம் கவலையே இல்ல.

முதல் நாள் முழுக்க மண்ணுதான். ரெண்டாவது நாள் மத்தியானம் மழை பிடிச்சுக்கிச்சு. ஒதுங்க இடம் தேடி ஒரு சந்துக்குள்ள சின்ன ஹோட்டல்ல நுழைஞ்சாங்க. மஞ்சள் சுவர், எண்ணெய்ப் பிசுக்கு ஃபேன், நெருக்கியடிச்சுக் கூட்டம். பின்னாடி நாலு பேர் உக்கார்ற டேபிள்ல ஒருத்தர் மட்டும் தனியா இருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. முன்னாடி காலித் தட்டு. "உக்காரலாமா?"ன்னு மாப்பிள்ளை கேட்டார். அவர் தலையை மட்டும் அசைச்சார்.

அந்த நேரம் பாத்து நான் ஃபோன் பண்ணித் தொலைச்சேன். இரைச்சல்ல கேக்கலைன்னு தங்கச்சி வாசலுக்கு வந்து பேசினா. அஞ்சு நிமிஷம் இருக்கும். ஃபோனைக் கையில பிடிச்சபடியே திரும்பிப் போனா... அவரைக் காணோம். மாப்பிள்ளை மட்டும் உக்காந்து மென்னுக்கிட்டு இருக்கார். கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுது.

"மிளகு"ன்னார். "மிளகு தூக்கல்."

தங்கச்சி அத்தனை பேர் முன்னாடி அவரைக் கட்டிப்பிடிச்சுட்டா. "அண்ணா, ருசி வந்துருச்சு!"ன்னு ஃபோன்ல கத்தினா பாருங்க... நான் ஒரு லிஃப்ட்டு மேல நின்னுக்கிட்டு "ஐயோ சாமி!"ன்னு கூவினேன். கீழ இருந்தவங்க கயிறு அறுந்துருச்சுன்னு ஓடிட்டாங்க.

சந்தோஷம். ஆனா அன்னிக்குச் சாயங்காலமே சின்னதா ஒரு நெருடல்.

வேற ஒரு ஹோட்டல்ல ஜன்னலோரமா ரெண்டு பேர் உக்கார்ற டேபிள் காட்டினாங்க. மாப்பிள்ளை வேணாம்னுட்டார். "நாலு பேர் உக்கார்ற மாதிரி கொடுங்க." உக்காந்ததும் இடது பக்கத்து நாற்காலியைக் கொஞ்சமா வெளிய இழுத்து விட்டார். பையை வைக்கப் போறார்னு தங்கச்சி நினைச்சா. வைக்கல.

வாயில போட்டார். மென்னார். நிறுத்தினார். தலை லேசா இடது பக்கம் சாஞ்சுது. ஒண்ணு... ரெண்டு... மூணு... அப்புறம்தான் சொன்னார். "பூண்டு பொசுங்கிருச்சு."

பூண்டு பொசுங்கித்தான் இருந்துது. ஆனா 'நாக்கு' எப்பவும் இப்படி நிறுத்தினதே இல்ல.

"என்னங்க, யோசிச்சுச் சொல்றீங்க?"

"நாளாச்சுல்ல. பழகணும்."

பாதி ஆனதும் இவ தட்டை நகர்த்தினா. அவர் தன் தட்டைக் கையால பிடிச்சுக்கிட்டார். "இரு, இன்னும் முடியல"ன்னார். அத்தனை வருஷத்துல தட்டு மாத்தாம எழுந்தது அன்னிக்குத்தான்.

மறுநாள் காலையில அவர் கை கழுவப் போன நேரத்துல, இவ அவரோட சூப்புல ரெண்டு ஸ்பூன் உப்பைக் கொட்டிக் கலக்கினா. வந்து குடிச்சார். நிறுத்தினார். தலை சாஞ்சுது. "உப்பு கரிக்குது"ன்னார். சரியாத்தான் சொன்னார். ஆனா மூஞ்சியில ஒரு சுளிப்பு கூட இல்ல. வாய் நிறைய உப்பை வெச்சுக்கிட்டு, செய்தி வாசிக்கிற மாதிரி சொன்னார். அப்படியே முழுங்கினார்.

அன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணி. லாட்ஜ் ரூம். இவ குளிச்சுக்கிட்டு இருந்தா. துணி கருகற நாத்தம் குப்புன்னு வந்துது. அலறிக்கிட்டு வெளிய வந்தா... இவ அணைக்க மறந்துட்டுப் போன இஸ்திரிப்பெட்டி சுடிதார் மேல கவுந்து கிடக்கு. புகை வருது. மாப்பிள்ளை ஒரு முழம் தள்ளி, முதுகைக் காட்டி உக்காந்து டி.வி. பாத்துக்கிட்டு இருக்கார்.

"வாசனை வரலையா உங்களுக்கு?"

அவர் அப்பத்தான் திரும்பிப் புகையைப் பாத்தார்.

கருகற துணி தெரியாத மூக்குக்குப் பொசுங்கின பூண்டு எப்படித் தெரிஞ்சுது? ஆனா தங்கச்சி வாயைத் திறந்து கேக்கல. கேட்டா இந்த ருசி போயிருமோன்னு பயம். திங்கக்கிழமைக்கு இன்னும் மூணே நாள்.

கடைசி நாள். ராத்திரிச் சாப்பாடு. ஏழரை மணி. பெரிய ஹோட்டல்தான், ஆனா அந்த மூலையில அவங்க டேபிள் மட்டும்தான். மறுபடியும் நாலு நாற்காலி. மறுபடியும் இடது பக்கத்து நாற்காலி கொஞ்சம் வெளிய.

அவருக்கு மீன். இவளுக்கு நூடுல்ஸ். பாதி சாப்பிட்டதும் அவர் ஃபோன் அடிச்சுது. ஃபேக்டரி நம்பர். எடுத்துக்கிட்டு வெளிய போனார்.

இவ கை தானா நீண்டுது. பழக்கம் பாருங்க. பாதி ஆச்சு, தட்டு மாத்தணும். அவர் தட்டை இழுத்து ஒரு துண்டு மீனை வாயில போட்டா.

மென்னா.

சத்தம் கேட்டுது.

நச்... நச்... நச்...

தன் வாய்ச் சத்தம்னுதான் முதல்ல நினைச்சா. ஆனா அது எதிர்ப்பக்கத்துலேர்ந்து வந்துது. காலி நாற்காலியிலேர்ந்து.

மெல்லறதை நிறுத்தினா.

அதுவும் நின்னுது.

மறுபடி மென்னா.

நச்... நச்...

சட்டுனு நிறுத்தினா.

நச்.

ஒண்ணு அதிகமா.

முழுங்கவும் முடியல... துப்பவும் முடியல...

அப்போ காதோரமா, ரொம்ப மரியாதையா, ஒரு ஆம்பளைக் குரல்.

"எலுமிச்சை கொஞ்சம் தூக்கல்."

மாப்பிள்ளை திரும்பி வந்தப்ப மணி ஏழு நாப்பத்தஞ்சு. அவ மூஞ்சியைப் பாத்தார். முன்னாடி இருந்த தட்டைப் பாத்தார். மனுஷன் அப்படியே நாற்காலியில சரிஞ்சுட்டார்.

"கேட்டுச்சா?"ன்னார்.

"யாருங்க அது?"

"அன்னிக்கு மழையில... வெள்ளைச் சட்டை." அவருக்கு அழுகை வந்துருச்சு. "நீ ஃபோன் பேசப் போனதும் கேட்டார். 'ருசி தெரியலையா?'ன்னு. ஆமான்னேன். 'எனக்குத் தெரியும். ஆனா மெல்லறதுக்கு வாய் இல்ல. நீங்க மெல்லுங்க, நான் சொல்றேன்'னார். ஏதோ விளையாட்டுக்குச் சொல்றார்னு சரின்னுட்டேன். குனிஞ்சு ஒரு வாய் போட்டுட்டு நிமிர்ந்தா, ஆளு இல்ல. குரல் மட்டும் இருந்துது."

"உங்களுக்கு ருசி வரவே இல்லையா?"

"மண்ணுதான். இப்பவும் மண்ணுதான். திங்கக்கிழமை வரைக்கும் மட்டும் விடு. வேலை போச்சுன்னா நான் யாரு சொல்லு?"

தங்கச்சி என்கிட்ட சொன்னா: "அண்ணா, பயத்தை விட அந்தக் கேள்விதான் என்னைக் கொன்னுருச்சு." அவ அவர் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. "நாக்கையா கல்யாணம் பண்ணிக்கிட்டேன்? உங்களைத்தானே பண்ணிக்கிட்டேன். வேலை போனா போகட்டும். எவனோ ஒருத்தன் உங்க வாய்ல உக்காந்துக்கிட்டு திங்க வேணாம்."

அப்புறம் அந்தக் காலி நாற்காலியைப் பாத்துக் கும்பிட்டா. என் தங்கச்சி எதையும் மரியாதையாத்தான் செய்வா, பேய்கிட்ட கூட. "அண்ணா, நீங்க செஞ்ச உபகாரத்துக்கு ரொம்ப நன்றி. இதோட போதும். உங்க கூடப்பிறந்த தங்கச்சி கேக்கறான்னு நினைச்சுக்கிட்டுப் போயிருங்க."

மாப்பிள்ளை ஒரு வாய் மீன் எடுத்துப் போட்டார். மென்னார். தலை சாய்ச்சுக் காத்துக்கிட்டு இருந்தார். ரொம்ப நேரம்.

"போயிட்டார்"னார். ரெண்டு பேரும் அழுதாங்க. அப்புறம் தட்டை மாத்திக்கிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டாங்க.

ஊருக்கு வந்தாச்சு. திங்கக்கிழமை மாப்பிள்ளை ஃபேக்டரிக்குப் போனார். மத்தியானமே திரும்பிட்டார். மூஞ்சி தெளிவா இருந்துதாம்.

"ஏழுக்கும் 'தெரியல சார்'னுதான் சொன்னேன். குரல் எதுவும் வரல. முடிஞ்சுது, விடு"ன்னார். போய்ப் படுத்துத் தூங்கிட்டார். தங்கச்சி எனக்கு ஃபோன் பண்ணினா. எங்க கம்பெனி ஸ்டோர்ல ஒரு இடம் இருக்கு, நான் பேசறேன்னேன். அவ குரல்ல எவ்வளவு நிம்மதி தெரியுமா?

சாயங்காலம் நாலு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். மாப்பிள்ளை ஃபோனை எடுக்கலைன்னு தங்கச்சி நம்பருக்கு.

"வாழ்த்துகள்மா. நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லுங்க. ஏழும் சரி."

தங்கச்சிக்குப் புரியல. "சார், அவர் தெரியலன்னு சொன்னேன்னாரே..."

"தெரியலையா? வாயில போட்டதும் படபடன்னு சொன்னார். நாலு பேர் கேட்டுக்கிட்டு இருந்தோம். பழைய வேகத்தை விட வேகம். குரல்தான் ஆளே வேற மாதிரி இருந்துது. சளி பிடிச்சிருக்கா?"

அவ தூங்கற மாப்பிள்ளையைத் திரும்பிப் பாத்தா.

"இன்னொண்ணும்மா. எழுந்து போறப்ப என்கிட்ட ஒண்ணு சொன்னார், எனக்கு ஒண்ணும் விளங்கல. 'தங்கச்சிகிட்ட சொல்லிருங்க, எனக்கு இன்னும் பசி அடங்கல'ன்னார். உங்க வீட்டுக்காரருக்குத் தங்கச்சி இருக்காங்களா?"

மாப்பிள்ளை அவங்க வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவளைத் தங்கச்சின்னு சொல்ல இந்த உலகத்துல நான் ஒருத்தன்தான் இருந்தேன்.